அடையாளம் தெரியாத சாதனம்

நான்கு பாகங்களைக் கழற்றி வெள்ளைத் துணியின் மேல் வரிசையாக வைத்த பிறகும் திரையில் அந்த மஞ்சள் கேள்விக்குறி போகவில்லை.

துவோமோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். லேப்டாப்பிலிருந்து வைஃபை அட்டையைக் கழற்றியபோது திரையில் இருந்த சாதனப் பட்டியலிலிருந்து அதற்குரிய வரி போயிற்று. மோடத்தை எடுத்ததும் அதன் வரி போயிற்று. டிவிடி டிரைவும் புளூடூத் துண்டும் அப்படியே. எந்த வரி எந்தப் பாகத்துடையது என்று தெரியாதபோது ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. பல வருடங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் அதைத்தான் அவர் கரும்பலகையில் எழுதிப் போட்டார். பிடுங்குவதற்கு இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு வரி நின்றது. 'அடையாளம் தெரியாத சாதனம்.' உள்ளே இல்லாத ஏதோ ஒன்று, நான் இருக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

குமாசி நகரில் அது ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று வீசும் காலம். வடக்கிலிருந்து வந்த தூசி நான்கு நாட்களாகத் தாஃபோ பகுதியின் கூரைகளையெல்லாம் மூடிக்கிடந்தது. சூரியன் மறைவதற்கு முன்பே வீட்டுக்குள் சாம்பல் நிற இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. காற்றில் ஈரம் செத்துப்போனதால் பழைய மேசையும் அலமாரியும் கதவு நிலைகளும் இருந்த இடத்திலேயே சுருங்கி, நேரம் கெட்ட நேரத்தில் யாரோ விரல் மடக்கி நெட்டி முறிப்பதுபோல் படக் படக்கென்று வெடித்தன. அந்தச் சத்தத்துக்கு அறுபத்தெட்டு வருடம் பழகியவர் அவர். இன்றைக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன்மேலேயே எரிச்சல்பட்டார்.

நாளை காலை இந்த லேப்டாப் கூட்டத்தின் நடுவே வைக்கப்பட வேண்டும். அவருடைய தங்கை மகன் பெர்கோ இறந்து ஒரு வருடம் நிறைகிறது. அவன் துணிகள், அவன் செருப்பு, அவன் பைபிள், அவன் லேப்டாப் எல்லாவற்றையும் குடும்பத் தலைவராகிய தாய்மாமன் தன் கையால் எடுத்து, அவன் இடத்துக்கு வரப்போகும் இளைய மருமகன் அமோகோவிடம் கொடுக்க வேண்டும். கொடுப்பது உயிருள்ள பொருளாக இருக்க வேண்டும். கிழிந்த துணியைத் தைத்தாயிற்று, செருப்பின் வாரை மாற்றியாயிற்று. லேப்டாப்பின் டிஸ்க்தான் செத்துக் கிடந்தது. அவர் புது டிஸ்க் வாங்கிப் போட்டார். புதிய விண்டோஸைத் தாங்க அந்தக் கிழட்டு இயந்திரத்துக்குச் சக்தி இல்லை என்பதால் தன்னிடமிருந்த பழைய எக்ஸ்பியை ஏற்றினார். அதன் பிறகுதான் இந்த வேலை. படம், ஒலி, இணையம் என்று ஒவ்வொரு பாகத்தையும் அடையாளம் கண்டு, அதை எழுப்பும் டிரைவர் மென்பொருளைத் தேடிப் போட வேண்டும்.

பெர்கோவின் மனைவி வீட்டார் முன்வரிசையில் உட்காருவார்கள். அவளுடைய அண்ணன், "அந்தச் சவப்பெட்டிக்குள்ள இருந்தது யாருன்னு துவோமோவுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்" என்று பீர்க்கடையில் சொன்னதாகப் பேச்சு. நாளை அவன் லேப்டாப்பையும் திறந்து காட்டச் சொல்வான். திறந்தால் அது முழுதாக ஓட வேண்டும். ஒரு மஞ்சள் குறிகூட இருக்கக் கூடாது. துவோமோவின் கையிலிருந்து பழுதான பொருள் ஒன்று வெளியே போனதாக இருக்கக் கூடாது.

வாசலில் செருப்பு உரசும் சத்தம். பெர்கோவைப் பெற்ற தங்கை செர்வா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் கண்களில் புரை படர்ந்து பால்போல் இருந்தது. அண்ணனின் முகம் இருக்கும் திசையைத்தான் பார்த்தாள், முகத்தை அல்ல.

"என்னண்ணே, எழுந்திருச்சிட்டானா?"

"யாரு?" அவர் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது.

"பெர்கோவோட மிஷினைக் கேட்டேன். எதுக்கு இப்படிப் பாயுற?"

"இன்னும் ஒரு பாகம் பாக்கி."

"காலையிலயும் ஒண்ணுதான் பாக்கின்ன. உன் கணக்கு தேர்தல் கணக்கு மாதிரில்ல இருக்கு." அவள் சிரித்தாள். "சரி, நான் மரவள்ளியை இடிச்சு ஃபூஃபூ பண்ணப் போறேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு இன்னைக்கு வரமாட்டாளாம். ரெண்டு பேருக்குத்தானே, சின்ன உலக்கையை வச்சு உக்காந்தே இடிச்சுக்கிறேன்."

"சோறு போதும் செர்வா. கண்ணு தெரியாம எதுக்குக் கையை இடிச்சுக்கிற?"

"அவன் நாளுக்கு முந்தின ராத்திரி சோத்தைத் தின்னுட்டுப் படுக்கச் சொல்றியா? நல்லாருக்கு." அவள் போய்விட்டாள். செருப்பின் உரசல் நடைவழியில் தேய்ந்து, பின்முற்றத்துக் கதவு ஒருமுறை முனகியது.

அவர் கைபேசியை எடுத்துத் தபீரியை அழைத்தார். தபீரி அவருடைய பழைய மாணவன். தலை நரைத்து, கெஜேட்டியா சந்தைக்குப் பக்கத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான்.

"சார்! இன்னும் அந்தப் பெட்டியோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீங்களா? எங்கிட்டக் குடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே."

"உங்கிட்டக் குடுத்தா உள்ள இருக்கிற நல்ல மெமரியைக் கழட்டிக்கிட்டுச் சொத்தையை மாட்டி அனுப்புவ."

"ஐயோ சார், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பக்கத்துல சம்சாரம் இருக்கா."

"அவளுக்குத் தெரியாததா? ஸ்பீக்கர்லயே இருக்கட்டும்."

அந்தப் பக்கம் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். துவோமோவுக்கு மூச்சு சற்று இலகுவாயிற்று. நடந்ததைச் சொன்னார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டதாகவும் ஒரு வரி மட்டும் நிற்பதாகவும் சொன்னார்.

"அடியில ஒட்டியிருக்கிற மாடலுக்கான டிரைவரைத்தானே போட்டீங்க?"

"அது ஒண்ணும் சேரலை. படத்துக்கும் சவுண்டுக்கும் பாகத்தோட அடையாள எண்ணை வச்சுத் தேடித்தான் போட்டேன். எண்ணெல்லாம் வேற மாடலைக் காட்டுது."

"அப்பச் சரி. அடிமூடி மட்டும் வேற மிஷினோடது சார். உடைஞ்சிருக்கும், எவனோ மாத்தியிருக்கான். ஒட்டின சீட்டைப் பார்த்து உள்ள இருக்கிறவனை அடையாளம் சொல்ல முடியுமா? மேல ஒருத்தன் பேரு, உள்ள இன்னொருத்தன் உடம்பு. எங்க கடையில பாதி இப்படித்தான்."

துவோமோ கைபேசியைக் காதிலிருந்து சற்று விலக்கினார்.

"சார்? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அந்த வரியோட எண்ணைச் சொல்லுங்க."

அவர் படித்தார். முதல் எண், செய்தவர் யார் என்பதற்கு. இரண்டாவது, பாகம் எது என்பதற்கு. தபீரி தன் கணினியில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அட, இதுக்கா இவ்வளவு பயம்? கைரேகை ரீடர் சார். கையை ஊன்றி வைக்கிற இடத்துல வலதுபக்கம் மெல்லிசா ஒரு கீறல் மாதிரி இருக்கும் பாருங்க. போர்டோட ஒட்டினது, தனியாக் கழட்ட வராது. அதான் வரி போகலை" என்றான்.

துவோமோ குனிந்து பார்த்தார். இருந்தது. ஓர் அரிசியின் அகலத்தில் கறுப்புக் கீறல். தூசி அடைத்துக்கொண்டு, வெறும் ஓரக்கோடுபோல் தெரிந்ததை இரண்டு நாட்களாக விரலால் கடந்து கடந்து போயிருக்கிறார்.

"உங்ககிட்ட இருக்கிற டிவிடிகள்ல மூணாவதுல அந்த டிரைவர் இருக்கும். நாமதான் எழுதினோம். போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

அழைப்பு முடிந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் தபீரி வாய்போக்கில் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் அறையை விட்டுப் போகாமல் அங்கேயே நின்றது.

மேல ஒருத்தன் பேரு.

இத்தாலியில் தக்காளித் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போன வேன் கவிழ்ந்து பெர்கோவும் கூட இருந்தவர்களும் செத்தார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்திருந்த கறுப்புப் பையன்கள். மூன்று மாதம் கழித்துப் பெட்டி வந்தது. பெற்ற பிள்ளையின் பிணத்தைத் தாய் பார்ப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. பிணவறைக்குள் போய் அடையாளம் சொல்ல வேண்டியவர் தாய்மாமன்தான். துவோமோ தனியாகப் போனார். குளிரும் காயமும் அந்த முகத்தை யாருடைய முகமாகவும் இருக்கும்படி ஆக்கியிருந்தன. பெட்டியில் பெர்கோ என்று எழுதியிருந்தது. கால் கட்டைவிரலில் கட்டிய அட்டையிலும் பெர்கோ என்று எழுதியிருந்தது. அவர் போர்வையை விலக்கி வலது கையை எடுத்துப் பார்த்தார்.

சிறுவயதில் சோள மில்லில் பெர்கோவின் வலது நடுவிரலின் மேல்பாதி போய்விட்டது. இரத்தம் சொட்டச் சொட்டத் துணி சுற்றி அவனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் இதே மாமன்தான்.

அவர் கையிலிருந்த கையில் நடுவிரல் முழுதாக இருந்தது. நகத்தோடு.

வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். ஊர் முழுக்கச் சுவர்களில் பெர்கோவின் படத்தோடு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அரசர் வீட்டிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். மனைவி வீட்டார் இரண்டு பேருந்துகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கள் பிணத்தையே தொலைத்துவிட்டு எவனையோ வரவழைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் முன்னால் சொல்வதா? நூறு வருடங்களாக இந்தத் தாஃபோவில் தலை குனியாத வீடு அது. துவோமோ பிணவறைப் பணியாளிடம் திரும்பி, முதுகை நிமிர்த்தி, "எங்க பையன்தான்" என்றார். அதோடு, அவனுக்கு வெள்ளைக் கையுறை மாட்டிவிடுங்கள் என்றார். பிணத்துக்குக் கையுறை மாட்டி அலங்கரிப்பது அங்கே புதிதல்ல. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கையுறையோடே பார்த்தார்கள், கையுறையோடே அழுதார்கள், கையுறையோடே புதைத்தார்கள்.

பின்முற்றத்தில் உலக்கை விழ ஆரம்பித்தது.

துவோமோ மூன்றாவது டிவிடியைத் தேடி எடுத்தார். டிவிடி டிரைவைத் திரும்ப மாட்டினார். திருகாணி ஒன்று மேசைக்கடியில் உருண்டு போயிற்று. குனிந்து தேட மனம் வரவில்லை. மேசைக்கடியில் இருட்டாக இருந்தது. டிரைவர் கோப்புறையைக் காட்டினார். இது இந்தச் சாதனத்துக்குப் பொருந்தும் என்று உறுதியாகத் தெரியவில்லை, தொடரவா என்று எக்ஸ்பி கேட்டது. அது எல்லாவற்றுக்கும் கேட்கும் கேள்விதான். தொடரச் சொன்னார். பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. மஞ்சள் குறி அணைந்தது. கைரேகை ரீடர் என்ற பெயர் அந்த வரியில் வந்து உட்கார்ந்தது. கறுப்புக் கீறலின் ஓரத்தில் ஊசிமுனை அளவு பச்சை விளக்கு எரிந்தது.

முடிந்தது. நாற்காலியில் சாய்ந்தார். முற்றத்தில் உலக்கை தொம்மென்று விழுவதும், விழுந்து எழுவதற்குள் ஈரக்கை ஒன்று மாவைச் சளப்பென்று புரட்டுவதும், மறுபடி தொம்மென்று விழுவதும் ஒரே சீராகக் கேட்டன. வேகவைத்த மரவள்ளியின் வாசனை தூசி வாசனையோடு கலந்து வந்தது. பசித்தது. பயந்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

ரீடரோடு சேர்ந்து வந்த மென்பொருள் தானாகத் திறந்துகொண்டது. திரையில் இரண்டு உள்ளங்கைகளின் படம். எந்த விரலின் ரேகை பதிவாகியிருக்கிறதோ அந்த விரல் பச்சையாக இருக்கும். பதியாத விரல் சாம்பல் நிறத்தில் இருக்கும். புது டிஸ்க், புதிதாக ஏற்றிய எக்ஸ்பி. எல்லா விரலும் சாம்பலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒன்பது விரல்கள் பச்சையாக இருந்தன.

அவர் இரண்டு முறை எண்ணினார். பிறகு அவருக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். இந்த வகை ரீடர்களில் சில, ரேகைகளைத் தம் சில்லுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். டிஸ்க் செத்தாலும் அவை சாகாது. பெர்கோ பதித்த ரேகைகள் இவை. அவன்தான். ஒன்பது. சாம்பலாக நின்றது வலது கையின் நடுவிரல் ஒன்றுதான்.

அவர் திரையைத் தொட்டார். கண்ணில் நீர் வந்தது. ஒரு வருடம் கழித்து, இத்தனை பொய்க்குப் பிறகு, அவனுடைய ஒரே ஓர் உண்மையான துண்டு இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. உள்ளே இருப்பது அவனேதான். நாளை இதைக் கையில் எடுத்துக் கொடுக்கும்போது அவர் வாய் பொய் சொல்லாது. பெர்கோவின் உடல் எந்த மண்ணில் கிடக்கிறதோ, அது அவரை மன்னிக்குமோ என்னவோ. இது மட்டும் உண்மை.

தொம். சளப். தொம். சளப்.

உட்கார்ந்து சின்ன உலக்கையால் இடித்துக்கொள்வதாகத்தான் செர்வா சொன்னாள். சின்ன உலக்கை இப்படி விழாது. இது ஆள் உயர உலக்கை. நின்றுகொண்டு தலைக்கு மேலே தூக்கிப் போடுகிற சத்தம். தரை அதிர்ந்து மேசைமேல் இருந்த திருகாணிகள் நடுங்கின. நின்று இடிப்பவள் குனிந்து மாவைப் புரட்ட முடியாது. அதற்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் வந்துவிட்டாள் போல.

வரமாட்டாள் என்று செர்வா சொன்னாளே.

மனம் மாறி வந்திருப்பாள்.

அவர் காது கொடுத்துக் கேட்டார். அந்தப் பெண் வாயாடி. ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாள். முற்றத்தில் செர்வாவின் குரல் மட்டும் தாழ்வாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. இடைவெளி விட்டுச் சொன்னது. பதில் கேட்டுவிட்டுத் தொடர்வதுபோல. பதில் கேட்கவில்லை. சளப் மட்டும் கேட்டது.

கறுப்புக் கீறலின் விளக்கு மினுங்கியது.

திரையில் சாம்பலாக இருந்த நடுவிரல் மெல்ல அசைவதுபோல் ஒளிர்ந்தது. 'வலது நடுவிரலை மூன்று முறை இழுக்கவும்.' அவர் விசைப்பலகையைத் தொடவில்லை. சுட்டியைத் தொடவில்லை. இரண்டு கைகளும் மடிமேல் இருந்தன. அவற்றைப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

முதல் கட்டத்தில் ரேகை ஒன்று வந்தது.

சாம்பல் நிறத்தில், சுழி சுழியாக, கீழிருந்து மேலாக, ஈரத்தில் அழுத்தி இழுத்ததுபோல் வந்தது. பக்கத்தில் ஒரு சரிக்குறி. கீறலின் மேல் எதுவும் இல்லை. தூசிகூட அசையவில்லை. தூசிக்கோளாறு என்று சொல்லிக்கொண்டார். தூசி படிந்தால் ரீடர் தப்பாகப் படிக்கும். தூசிக்கு ரேகை உண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

தொம். சளப்.

சளப் என்ற அதே நொடியில் இரண்டாவது கட்டம் நிறைந்தது.

அவர் மின்கம்பியைப் பிடுங்கினார். பாட்டரி நேற்றே செத்தது என்று கழற்றி வைத்திருந்தார். மேசையில்தான் கிடந்தது. திரை அணையவில்லை.

தொம்.

வேண்டாம்.

சளப்.

மூன்றாவது சரிக்குறி. நடுவிரல் பச்சையாயிற்று. அடியிலிருந்து நுனிவரை. நகத்தோடு.

பத்து.

பெர்கோவுக்குப் பத்து இல்லை. பத்து உள்ளவன் ஒருவன்தான். அவர் வாயால் அவனுக்குப் பெயர் கொடுத்தார். பெயரைக் கொடுத்துவிட்டு மண்ணுக்குள் அனுப்பினார். பெயர் போதவில்லை அவனுக்கு. மீதியை எடுக்க வந்திருக்கிறான். துணி. செருப்பு. ஒன்பது விரல்.

தாய்.

உலக்கை நின்றது.

எதுவும் கேட்கவில்லை. காற்று இல்லை. மரம் வெடிக்கவில்லை. பக்கத்துத் தெரு இல்லை. செர்வா சிரித்தாள். மனம் நிறைந்த சிரிப்பு. ஒரு வருடமாக அது இந்த வீட்டில் இல்லை.

"அண்ணே! இங்க வாயேன்! வந்து பாரேன்!"

அவர் எழுந்தார். நடைவழி நீண்டுகொண்டே போயிற்று. மண் வாசனை. தூசியல்ல. தோண்டிய மண். ஆழத்தில் இருக்கும் ஈர மண். ஹர்மட்டான் காலத்தில் எங்கும் இல்லாத ஈரம். கதவைத் தள்ளினார்.

முற்றத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செர்வா நெடிய உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேர்த்துப் போய், முகமெல்லாம் வெளிச்சமாக நின்றாள். உரலுக்கு அந்தப் பக்கம் தாழ்ந்த முக்காலியில் ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. நல்ல கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டைத் தைக்கக் கொடுத்தவர் துவோமோதான். பின்பக்கம் முழுதும் கிழித்துத் தைத்திருந்தது, பிணத்துக்கு மாட்டும் கோட்டைத் தைப்பதுபோல. தையலில் செம்மண். பக்கத்துக் கல்லின்மேல் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை மடித்து வைத்திருந்தது.

"கதவைத் தட்டினான்ண்ணே. யாருன்னு கேட்டேன், பேசலை. கையைத் தொட்டேன், சில்லுன்னு இருந்துச்சு. வந்து உக்காந்து மாவைப் புரட்ட ஆரம்பிச்சுட்டான். நான்தான் அன்னைக்கே சொன்னேனே, எம்புள்ள செத்தான்னு என் மனசு ஒப்பலைன்னு. நீங்கல்லாம் கிறுக்குக் கிழவின்னீங்க."

அவள் சட்டியில் தண்ணீர் எடுத்து அதன் கைகளைக் கழுவினாள். தண்ணீர் சிவந்தது. கொட்டிவிட்டு வேறு எடுத்தாள். மறுபடி சிவந்தது.

"எங்கெங்க நடந்து வந்தானோ, மண்ணு போகவே மாட்டேங்குது." அவள் பால்விழிகளை அண்ணனின் திசைக்குத் திருப்பினாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. குரல் தாழ்ந்தது. "அண்ணே, எனக்குக் கண்ணு தெரியலை. விரலைத் தடவிப் பார்க்கலாம்னா மனசு வரலை. நீ சொல்லு. அன்னைக்கும் நீதானே பார்த்துச் சொன்ன. இது நம்ம பெர்கோதானே? நீ இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே கதவைத் திறந்து வெளிய அனுப்பிடுறேன்."

ஒரு வார்த்தை.

இல்லை என்றால் இது யார் என்று கேட்பாள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். நாளை முன்வரிசைக்கும் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டிய படத்துக்கு, அரசர் வீட்டு ஆளுக்கு, பீர்க்கடைக்கு. பந்தலில் அழுத ஒவ்வொருவருக்கும். துவோமோ வாயைத் திறந்தார். அந்த முதுகு காத்திருந்தது. மூச்சு விடாமல் காத்திருந்தது.

அவர் தன் முதுகை நிமிர்த்தினார்.

"நம்ம பையன்தான்" என்றார்.

செர்வா விம்மினாள். அது எழுந்தது. மெதுவாகத் திரும்பியது. முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அவர் கையையே பார்த்தார். கை நீண்டு வந்தது. ஈரமாக, சுத்தமாக, மாமனுக்கு மருமகன் நீட்டுவதுபோல் மரியாதையாக. கொடுக்காமல் இருக்க முடியவில்லை. கொடுத்தார். குளிர் தோள்வரை ஏறியது.

கை குலுக்கிப் பிரியும்போது நடுவிரலை நடுவிரல் பற்றிச் சுண்டிவிடுவார்கள், அந்த ஊரில் எல்லோரும். பெர்கோவோடு மட்டும் அந்தச் சத்தம் எழுந்ததே கிடையாது. பற்ற விரல் இருக்காது. வெறும் காற்றைச் சுண்டிவிட்டு இருவரும் சிரிப்பார்கள்.

முற்றத்தில் சுண்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகும் அது அவர் கையை விடவில்லை. செர்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமனுக்கும் மருமகனுக்கும் சேர்த்து ஒரே கிண்ணத்தில் ஃபூஃபூவை வைத்து, சுடச்சுடச் சூப்பை ஊற்றினாள்.